ஹாசனில் ஏற்றிய அகல்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

போன வருடம் பலரும் விரும்பிப் படித்த புத்தகங்களைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் பட்டியல் கொண்டுவரவில்லை. இரண்டே புத்தகங்கள்தான். அதிலும் ஒன்றைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

முதலில் 'வேள்பாரி'. ஒரு லட்சம் படிகள் விற்றதற்காக 2025 ஜூலையில் சென்னையில் விழா எடுத்தார்கள். ஆயிரம் படி விற்க ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடக்கும் நாவல்கள் நம் மொழியில் எத்தனையோ. அதை நினைத்துப் பார்த்தால்தான் இந்த எண்ணின் அருமை புரியும். சு. வெங்கடேசன் இதை 2016 முதல் 2018 வரை ஆனந்த விகடனில் தொடராக எழுதினார். என் அக்கா வீட்டில் இதழ் வந்ததும் யார் முதலில் படிப்பது என்று சண்டையே நடக்கும். முல்லைக்குத் தேர் தந்த பாரியைப் பள்ளிக்கூடத்திலேயே நமக்குத் தெரியும். தெரிந்தவனைப் பற்றி இன்னும் தெரிந்துகொள்ள வாரா வாரம் காத்திருந்தோம். அந்தக் காத்திருப்புதான் ஏழு வருடம் கழித்து லட்சமாகி நின்றது என்று நான் நம்புகிறேன்.

சரி, இரண்டாவது புத்தகத்துக்கு வருகிறேன். 2025 மே 20 அன்று லண்டனில் சர்வதேச புக்கர் பரிசை 'ஹார்ட் லேம்ப்' பெற்றது. கன்னடத்தில் எழுதியவர் கர்நாடகத்தின் ஹாசன் ஊர் வழக்கறிஞர் பானு முஷ்டாக். ஆங்கிலத்தில் தந்தவர் தீபா பாஸ்தி. 50,000 பவுண்டை இருவருக்கும் சரிபாதியாகப் பிரித்தார்கள். மொழிபெயர்ப்பாளருக்கு அப்படி ஒரு மரியாதை. கன்னடத்துக்கு இந்தப் பரிசு கிடைத்தது இதுவே முதல்முறை. சிறுகதைத் தொகுப்பு ஒன்று இதை வென்றதும் முதல்முறை. 1990 முதல் 2023 வரை எழுதிய 12 கதைகள் அதில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை 2004இலேயே கிரீஷ் காசரவள்ளி 'ஹசீனா' என்று படமாக எடுத்துவிட்டார்.

நம் பெங்களூரு மெஜஸ்டிக்கில் பஸ் ஏறினால் நாலு மணி நேரத்தில் ஹாசன். முப்பது வருடமாக இந்தப் பெங்களூரில் இருக்கிறேன். காய்கறிக் கடையில், ஆட்டோவில், அலுவலகத்தில் எல்லாம் கன்னடம்தான் பேசுகிறேன். ஆனால் அந்த அம்மாவின் பெயர் லண்டனைச் சுற்றிக்கொண்டு, ஆங்கிலத்தின் வழியாகத்தான் என்னிடம் வந்து சேர்ந்தது. இது எனக்கு உண்மையிலேயே வலித்தது.

தலைப்புக் கதையை மட்டும் சொல்கிறேன். கணவன் வேறொருத்தியைத் தேடிப் போய்விட, கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்கு வருகிறாள் மெஹ்ருன். அண்ணன்மார் கௌரவம் பேசி அவளைத் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். அன்று இரவு அவள் மண்ணெண்ணெயை மேலே ஊற்றிக்கொள்கிறாள். அவளைத் தடுப்பது பெரியவர்கள் யாரும் இல்லை. அவள் பெற்ற மகள், சல்மா. அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். கொஞ்ச நேரம் எதுவும் செய்யத் தோன்றவில்லை. பெண்ணைத் திருப்பி அனுப்பிவைக்கும் வீடுகள் நம்மிலும் இருக்கின்றன, இல்லையா?

கன்னடத்தில் அந்தக் கதைக்கு 'எதெய ஹணதெ' என்று பெயர். எதெ என்றால் நெஞ்சு, ஹணதெ என்றால் அகல். நெஞ்சின் அகல். ஆங்கிலத்தில் படித்தபோது எனக்கு ஏதோ ஒரு விளக்குதான் தெரிந்தது. அகல் என்றதும் மண்ணும் எண்ணெயும் திரியும் கூடவே வந்துவிட்டன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பானு முஷ்டாக்குக்குக் கன்னடம் வீட்டு மொழி இல்லை. எட்டு வயதில் ஷிவமொக்காவில் ஒரு கன்னடப் பள்ளியில் சேர்த்தார்கள். ஆறு மாதத்துக்குள் கன்னடம் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டால்தான் இடம் என்று நிபந்தனை. அப்படிக் கற்ற எழுத்தில்தான் இத்தனையும் எழுதினார்.

நமக்கோ பாதி வழி ஏற்கெனவே வந்தாகிவிட்டது. பழைய 'ப' கன்னடத்தில் 'ஹ' ஆகிவிட்டது. பால் ஹாலு, பூ ஹூவு, புலி ஹுலி, பத்து ஹத்து, பல்லி ஹல்லி. இது பிடிபட்டால் சொற்கள் ஒவ்வொன்றாகத் திறந்துகொள்ளும். மிச்சம் எழுத்துதான். நான் தீபாவளிக்குப் பிறகு ஆரம்பித்தேன். இப்போது கடைப் பலகைகளைத் தடையில்லாமல் படிக்கிறேன். கதை இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வருகிறது. ஒரு பக்கத்துக்கு ஒரு மாலை ஆகிறது.

அடுத்த மாதக் கூட்டத்தில் ஹாசன்கார நண்பர் ஒருவர் வந்து இந்தக் கதையைக் கன்னடத்திலேயே வாசிக்கச் சம்மதித்திருக்கிறார். நாம் காதால் கேட்போம், புரியும். அப்புறம் ஒரு மணி நேரம் எழுத்துப் பழகுவோம். உங்கள் பிள்ளைகள் பள்ளியில் கன்னடம் படிக்கிறார்கள் அல்லவா, அவர்களையும் கட்டாயம் அழைத்து வாருங்கள். சொல்லித்தரப்போவது அவர்கள்தான்.

நன்றி, வணக்கம்.