கண் பரிசோதனை படிக்கப் போகும் பிள்ளைக்கு என்னென்ன துணை வேண்டும்?

நேயர்களுக்கு வணக்கம்.

உயர்தரப் பெறுபேறு வந்ததும், உயிரியல் பிரிவில் படித்த பிள்ளை இருக்கும் வீட்டில் மருத்துவம், தாதியியல் என்று இரண்டு பேச்சுத்தான் நடக்கும். ஒப்டோமெட்ரி என்றொரு படிப்பு இருப்பது பலருக்குத் தெரியாது. பார்வையை அளந்து, கண்ணாடிக்கு இலக்கம் எழுதி, கண்ணில் நோயின் அடையாளம் தெரிந்தால் கண் வைத்திய நிபுணரிடம் அனுப்பிவைக்கும் தொழில் அது. தலவாக்கலையிலிருந்தோ மஸ்கெலியாவிலிருந்தோ ஒரு பிள்ளை அந்தப் படிப்புக்குப் போனால் எங்கெங்கே தடுமாறும், கல்லூரியின் மாணவர் உதவிப் பிரிவும் மாணவர் சங்கமும் அந்த இடங்களில் என்ன செய்ய வேண்டும் என்பதே இன்றைய பேச்சு.

முதல் தடுமாற்றம் வீட்டிலேயே தொடங்குகிறது. மஹாபொல புலமைப்பரிசில் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. அரச பல்கலைக்கழக மாணவர்களுக்கு அதைவிட நிதியுதவித் திட்டமும் உண்டு. குடும்ப வருமானத்தை நிரூபிக்கத் தாள்கள் வேண்டும். தோட்டப் பிள்ளைகளுக்கு இங்கேதான் சிக்கல். பிறப்புச் சான்றிதழில் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி, அப்பாவின் சம்பளத் துண்டில் வேறொரு மாதிரி. பெறுபேறு வரும்வரை காத்திருக்காமல், பரீட்சை எழுதி முடித்த கையோடு மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் கிராம உத்தியோகத்தரையும் பிரதேச செயலகத்தையும் கேட்டு, தேவையானால் சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து வையுங்கள். இன்னொன்று, தபால். தோட்ட அலுவலகத்தில் இறங்கும் கடிதம் லயத்துக்கு வந்து சேர்வதற்குள் கடைசித் திகதி போய்விடலாம். நகரத்தில் நம்பிக்கையான உறவினர் இருந்தால் அவருடைய முகவரியைக் கொடுப்பது நல்லது.

அடுத்தது மொழி. தமிழில் பௌதிகவியல் படித்த பிள்ளை ஆங்கில விரிவுரையில் உட்காருகிறது. பயிற்சிக்கு வரும் நோயாளியோ சிங்களம் பேசுகிறார். ஆங்கில வகுப்பு ஒன்றை வைத்தால் மட்டும் போதாது. கண் பரிசோதனையில் திரும்பத் திரும்பக் கேட்கும் வாக்கியங்கள் நாற்பது, ஐம்பதுக்குள் அடங்கிவிடும். ‘தூரத்தைப் பாருங்கள்’, ‘முதலாவதா இரண்டாவதா தெளிவு?’, ‘எப்போதிருந்து மங்கல்?’ போன்றவை. அவற்றை மூன்று மொழியிலும் எழுதி, உச்சரிப்பை ஒலிப்பதிவு செய்து கொடுப்பது மாணவர் சங்கம் ஒரு வார இறுதியில் செய்து முடிக்கக்கூடிய வேலை.

ஒளியியலில் தவறும் பிள்ளை பெரும்பாலும் கணக்குத் தெரியாமல் தவறுவதில்லை. நேர், மறை என்ற குறி மாறித்தான் தவறுகிறது. பாடசாலையில் பழகிய குறி மரபு வேறாக இருக்கலாம். இங்கே தூரத்தை மீற்றரில் எடுத்து, 1ஐ அதனால் வகுத்து வரும் தலைகீழைக் கொண்டு கணக்குச் செய்வார்கள்; அந்த அலகுக்குப் பெயர் டயொப்டர். 50 சென்ரிமீற்றரில் ஒரு பொருள். அங்கிருந்து வரும் ஒளியின் மதிப்பு மறை 2 டயொப்டர். நேர் 5 வில்லையைத் தாண்டினால் நேர் 3. விம்பம் மூன்றிலொரு மீற்றரில், அதாவது ஏறக்குறைய 33 சென்ரிமீற்றரில் விழும். இதை ஒரு சிரேஷ்ட மாணவர் நாலைந்து பேருக்கு வாரம் இரண்டு தடவை செய்து காட்டினால் போதும். அதையும் முதல் தவணையிலேயே தொடங்க வேண்டும். பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது வைக்கும் வகுப்பு, ஏற்கனவே தெரிந்தவருக்குத்தான் உதவும்.

இனி ரெட்டினோஸ்கோப். இந்தப் படிப்பின் உண்மையான கைவேலை அதுதான். கண்ணுக்குள் ஒளியை அசைத்து, திரும்பி வரும் ஒளி எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்த்து இலக்கம் காண வேண்டும். கூடவே அசைந்தால் நேர் வில்லை, எதிர்த்து அசைந்தால் மறை வில்லை. சோதிப்பவர் 67 சென்ரிமீற்றரில் இருந்தால் கடைசியில் 1.50 டயொப்டர் கழிக்க வேண்டும்; 50 சென்ரிமீற்றரில் இருந்தால் 2.00. புதிதாகப் பழகுபவர் ஒளி தெளிவாகத் தெரியட்டும் என்று தன்னை அறியாமல் முன்னே சாய்வார். 67 என்று நினைத்து 50க்கு வந்துவிட்டால் 0.50 பிழைத்துப்போகும், மறை 2.00 உள்ளவருக்கு மறை 1.50 என்று எழுதிவிடுவார். கருவியின் பிடியில் 67 சென்ரிமீற்றர் நூல் ஒன்றைக் கட்டிவிட்டால் இந்தப் பழக்கம் சீக்கிரம் திருந்தும். சோதிக்கப்படுபவர் விளக்கையே பார்த்தாலும் விடை மறைப் பக்கம் சாயும். தூரத்தில் ஒரு பெரிய எழுத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும். முதலில் மாதிரிக் கண், பிறகு சக மாணவர் கண். ஒருவர் தெரியாத வில்லையைச் சோதனைக் கண்ணாடிச் சட்டகத்தில் போட, மற்றவர் கண்டுபிடிக்க, மூன்றாமவர் சரிபார்க்க வேண்டும். இப்படி மாலை வேளைகளில் ஆய்வுகூடத்தைத் திறந்து வைப்பதும், பொறுப்பாக ஒருவர் இருப்பதும்தான் ஒரு மாணவர் சங்கம் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி. வருடாந்த ஒன்றுகூடலும் மேற்சட்டையும் அதற்குப் பிறகு வரட்டும்.

கருவி விலை கூடியது. தோட்டக் குடும்பத்துக்கு அது எட்டாது. ஆகவே மாணவருக்குக் கருவிகளை இரவல் கொடுக்கும் பெட்டகம் ஒன்று அவசியம். வாங்கும்போதும் நன்கொடை ஏற்கும்போதும் பிடியின் வோல்ற் அளவைப் பாருங்கள். 2.5 வோல்ற் குமிழை 3.5 வோல்ற் பிடியில் மாட்டினால் குமிழ் எரிந்துபோகும். விடுமுறைக்கு நுவரெலியாப் பக்கம் கொண்டுவரும் கருவிக்குப் பூஞ்சணம் பெரிய எதிரி. பற்றரியைக் கழற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொதியோடு இறுக மூடிய பெட்டியில் வையுங்கள். துணியில் சுற்றி அலமாரியில் வைத்தால் துணியே ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

சக மாணவரின் கண்ணில் பழகும்போது இன்னொரு விடயம் வெளிவரும். தனக்கு ஒரு கண் சின்ன வயதிலிருந்தே சோம்பல் கண் என்பதோ, நிறக்குறைபாடு இருப்பதோ அன்றுதான் ஒரு பிள்ளைக்குத் தெரியவரலாம். அது வகுப்பில் பேச்சாகக் கூடாது. அப்படித் தெரிந்தால் யாரிடம் சொல்வது, எங்கே முறையாகப் பரிசோதிப்பது என்பதைக் கல்லூரி முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். கண்மணி விரியவைக்கும் மருந்து போட்டால் பல மணி நேரம் கிட்ட வாசிப்பது மங்கும், வெயில் கூசும். பரீட்சைக்கு முதல் நாள் யாரையும் அதற்கு இருத்தக்கூடாது. விருப்பம் கேட்காமலும் மேற்பார்வையாளர் இல்லாமலும் ஒரு துளிகூடப் போடக்கூடாது.

பகிடிவதையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம், சிறைத்தண்டனை உண்டு. ‘எல்லாருக்கும் நடப்பதுதான்’ என்று பெற்றோர் பொறுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டாம். மனம் தாங்க முடியாமல் போனால், கல்லூரி ஆலோசகரைத் தவிர 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கமும் இருக்கிறது.

கடைசியாக, மாணவர் சங்கங்கள் தோட்டங்களில் நடத்தும் கண் முகாம்கள். மாணவருக்குப் பயிற்சி, மக்களுக்குச் சேவை, ஆனால் ஒழுங்காக நடத்தினால்தான். தோட்டத்தில் வேலைக்குப் பெயர் போடும் நேரத்தில் முகாம் வைத்தால் கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கு நாட்சம்பளம் போகும், ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். லயத்து அறையில் ஆறு மீற்றர் கிடைக்காது; பாடசாலை மண்டபத்தையோ பிள்ளை மடுவத்தையோ கேளுங்கள், நாடாவால் அளந்து தரையில் கோடு போடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு, ஆங்கில ‘E’ எழுத்து எந்தத் திசையில் திரும்பியிருக்கிறது என்று கையால் காட்டச் சொல்லும் அட்டை. பார்வை 6/12ஐ விடக் குறைந்தால், அதாவது சாதாரணக் கண் 12 மீற்றரில் வாசிப்பதை 6 மீற்றரிலும் வாசிக்க முடியாவிட்டால், ஊசித்துளை வழியே பார்க்கச் சொல்லுங்கள். தெளிந்தால் பெரும்பாலும் கண்ணாடி போதும். தெளியாவிட்டால் வைத்தியசாலைக் கண் பிரிவுக்குக் கடிதம். கவ்வாத்து வெட்டும்போது குச்சி பட்டுச் சிவந்து வலிக்கும் கண்ணை அன்றைக்கே அனுப்ப வேண்டும்.

நாற்பது தாண்டிய தொழிலாளருக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி எவ்வளவு பெறுமதி என்பதற்கு அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் செய்த ஆய்வு சான்று. 2018இல் வெளிவந்தது. கிட்டப் பார்க்கும் கண்ணாடி பெற்றவர்களின் உற்பத்தித்திறன், பெறாதவர்களைவிட 21.7 சதவீதம் கூடியது. ஆனால் இலக்கம் எழுதும் மாணவர் புத்தகத்தில் உள்ள 40 சென்ரிமீற்றர் வாசிப்புத் தூரத்தை அப்படியே பிடித்துக்கொண்டால், கொழுந்து மங்கலாகவே தெரியும். கையை நீட்டிப் பறிப்பது போலக் காட்டச் சொல்லி அளந்து பாருங்கள். 60 சென்ரிமீற்றர் வந்தால் ஏறக்குறைய 0.75 டயொப்டர் குறைவாகப் போதும். அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கினால் தூரம் மங்கிக் கால் தவறும். கழுத்தில் கயிறு மாட்டிக் கொடுத்து, நடக்கும்போது கழற்றச் சொல்ல வேண்டும்.

முகாம் நாளில் எடுத்த படத்தைவிடப் பதிவேடு முக்கியம். கண்ணாடி கைக்குக் கிடைத்ததா, போடுகிறாரா, வைத்தியசாலைக்குப் போனாரா என்ற மூன்று கேள்விக்கும் ஒரு மாதத்துக்குள் விடை எழுதுங்கள். அடுத்த வருடம் சங்கத்தின் நிர்வாகக் குழு மாறும்போது, பெட்டகத்துச் சாவியோடு இந்தப் பதிவேட்டையும் கையொப்பம் வாங்கி ஒப்படையுங்கள்.

வணக்கம்.