சத்துமாவு தருகிறோம், ஆளைத் தருகிறோமா?

நேயர்களுக்கு வணக்கம். குழந்தை வளர்ச்சியைப் பற்றிப் பேச வேண்டும் என்று நிலையத்தார் அழைத்தபோது ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டேன்: தாய்மார்களுக்கு அறிவுரை சொல்ல மாட்டேன். சென்னையில் கைக்குழந்தையோடு இருக்கும் பெண்ணுக்கு அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை. மாமியாரில் தொடங்கி ஆட்டோ ஓட்டுநர் வரை எல்லாரும் தாராளமாகத் தருகிறார்கள். அவளுக்குப் பஞ்சமாக இருப்பது நேரம். அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

பிறக்கும்போது குழந்தையின் மூளை, எடையில், பெரியவர்களின் மூளையில் ஏறக்குறைய கால் பங்கு இருக்கும். இரண்டு வயதுக்குள் அது முக்கால் பங்கை எட்டிவிடுகிறது. மூளை அணுக்களில் பெரும்பாலானவை பிறக்கும்போதே இருக்கின்றன. அவற்றுக்கிடையே உண்டாகும் இணைப்புகள்தான் இந்தக் காலத்தில் கணக்கில்லாமல் பெருகுகின்றன. திரும்பத் திரும்பப் பயன்படும் இணைப்பு உறுதிப்படும், பயன்படாதது கழிந்துபோகும். எது பயன்பட வேண்டும் என்பதைக் குழந்தை தனியாக முடிவு செய்ய முடியாது. அது ‘ங்கா’ என்றால் யாராவது திருப்பி ‘ங்கா’ சொல்ல வேண்டும். ஜன்னல் பக்கம் விரலை நீட்டினால் யாராவது ‘ஆமாம், காக்கா’ என்று சொல்ல வேண்டும்.

இதை நம் புலவர்கள் நன்றாகக் கவனித்திருக்கிறார்கள். பிள்ளைத்தமிழின் பருவங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் மாதத்தில் கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, ஒன்பதாம் மாதத்தில் கைகொட்டும் சப்பாணி, பதினெட்டாம் மாதத்தில் நிலாவை விளையாட அழைக்கும் அம்புலி. இன்றைய குழந்தை மருத்துவர் கையில் வைத்திருக்கும் வளர்ச்சி அட்டவணைக்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை. ஆனால் மருத்துவரின் அட்டவணையில் குழந்தை மட்டும் இருக்கிறது. பிள்ளைத்தமிழில் ‘கொட்டுக’, ‘முத்தம் தருக’, ‘வருக’ என்று கூப்பிட்டபடி ஒரு பெரியவர் எப்போதும் எதிரே உட்கார்ந்திருக்கிறார். அவர் இல்லாவிட்டால் பருவமும் இல்லை, பாட்டும் இல்லை.

அந்தப் பெரியவர் திடீரென்று பதில் சொல்வதை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? எட்வர்ட் டிரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் இதைச் சோதித்துப் பார்த்தார். தாய் குழந்தையோடு சிரித்து விளையாட வேண்டும். பிறகு சிறிது நேரம், அசையாத முகத்தோடு குழந்தையை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். குழந்தை உடனே கண்டுகொள்கிறது. முதலில் சிரித்துப் பார்க்கிறது, கையை நீட்டுகிறது, கத்துகிறது. எதற்கும் பலன் இல்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுகிறது. கையில் கைப்பேசியோடு குழந்தையின் எதிரே உட்கார்ந்திருக்கும் நாம் (அப்பாக்களையும் சேர்த்துத்தான்) இந்தச் சோதனையைச் செலவில்லாமல் தினமும் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

அதே டிரானிக் ஆறுதலான ஒன்றையும் கண்டறிந்தார். அன்பான தாயும் சேயும்கூட முழு நேரமும் ஒத்துப்போவதில்லை. பெரும்பகுதி நேரம் ஒருவர் குறிப்பு மற்றவருக்குப் புரிவதே இல்லை. விட்டுப்போனதை மறுபடி பிடித்துக்கொள்வதுதான் முக்கியம். ஆகவே, இன்று குழந்தை மீது எரிந்து விழுந்துவிட்டோமே என்று இரவெல்லாம் புரண்டு படுக்கத் தேவையில்லை.

இனி ஜமைக்காவுக்குப் போவோம். இந்த உரைக்கு ஒப்புக்கொண்டதே அதைச் சொல்வதற்காகத்தான். அந்நாட்டின் தலைநகரான கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளில், 1980களில், வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளை ஆய்வாளர்கள் தேர்ந்தெடுத்தார்கள். எல்லாருக்கும் வயது 9 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள். சில குழந்தைகளுக்கு வாரந்தோறும் சத்தான பால் மாவு. சிலருடைய வீட்டுக்கு வாரம் ஒரு முறை, ஒரு மணி நேரம், ஒரு சுகாதாரப் பணியாளர் போவார். வீட்டில் கிடைக்கும் பொருள்களால் செய்த பொம்மைகளை வைத்துக்கொண்டு, குழந்தையோடு எப்படிப் பேசுவது, எப்படி விளையாடுவது என்று தாயோடு சேர்ந்து செய்து காட்டுவார். இன்னும் சிலருக்கு இரண்டும். மிச்சமிருந்த பிரிவுக்கு இரண்டும் இல்லை. இரண்டு ஆண்டுகளில் திட்டம் முடிந்தது.

இருபது ஆண்டுகள் கழித்து அந்தப் பிள்ளைகளைத் தேடிப் போனார்கள். யாரோடு விளையாடினார்களோ அவர்களுடைய வருமானம், விளையாட்டு கிடைக்காதவர்களின் வருமானத்தைவிட 25 சதவீதம் அதிகமாக இருந்தது. பால் மாவு மட்டும் பெற்றவர்களிடம் இப்படி நீடித்த பலன் தெரியவில்லை. சோறு வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பசித்த குழந்தை எதைக் கற்கும்? சோற்றோடு ஆளும் வேண்டும் என்பதுதான் செய்தி.

சோற்றில் நம் மாநிலம் யாருக்கும் இளைத்ததல்ல. 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டமும் 2022இல் வந்த காலை உணவுத் திட்டமும் பெருமைப்படத் தக்கவை. ஆனால் வயதைக் கவனியுங்கள். இரண்டு வயதுக்குப் பிறகுதான் குழந்தை அங்கன்வாடிக்கு, நம் வட சென்னைப் பேச்சில் பால்வாடிக்கு, வந்து உட்காருகிறது. அதற்கு முன், மூளை மிக வேகமாக வளரும் மாதங்களில், வீட்டுக்குச் சத்துமாவு பொட்டலம் போகிறது. பொட்டலத்தோடு யாரும் போவதில்லை. போகவேண்டிய அங்கன்வாடிப் பணியாளரோ எடை பார்க்கிறார், பதிவேடு எழுதுகிறார், அதையே மறுபடி கைப்பேசிச் செயலியில் ஏற்றுகிறார், வாக்காளர் பட்டியல் வேலைக்கும் பலர் அனுப்பப்படுகிறார்கள்.

இந்த இடத்தில் இத்தாலியக் கல்வியாளர் மாண்டிசோரி அம்மையாரை நினைத்துக்கொள்கிறேன். 1939இல் அடையாறு பிரம்ம ஞான சபைக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். இன்று சென்னையில் அவர் பெயர் கட்டணம் கட்டும் இடத்தில்தான் அதிகம் தென்படுகிறது. 1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோவில் அவர் தொடங்கிய முதல் பள்ளி, தொழிலாளர் அடுக்குக் குடியிருப்பில் இருந்தது. பெற்றோர் வேலைக்குப் போனபின், பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் மாடிப்படிகளில் திரிந்து சுவரைப் பாழாக்கிய குழந்தைகளுக்காக ஏற்பட்டது அது.

அப்படியே கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் வாருங்கள். ஆற்றங்கரைகளிலிருந்து அங்கே மாற்றப்பட்ட குடும்பங்களின் பெண்கள் பலர் இன்னும் பழைய பகுதியிலேயே வீட்டு வேலை செய்கிறார்கள். முன்பு நடந்து போன தூரத்துக்கு இப்போது இரண்டு பஸ் மாற வேண்டும். கட்டணமில்லாப் பயணம் காசை மிச்சப்படுத்தியது, நேரத்தை மிச்சப்படுத்தவில்லை. ‘கொஞ்சம் பார்த்துக்கோ அக்கா’ என்று குழந்தையை விட்டுவிட்டுப் போன பக்கத்து வீட்டுக்காரிக்கு வேறு பிளாக்கில் வீடு ஒதுக்கியிருப்பார்கள். இந்த இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. பழைய மாமல்லபுரம் சாலையின் ஐ.டி. நிறுவனத்தில் வேலை பார்க்கும் பெண்ணுக்காவது 2017இன் திருத்தத்திலிருந்து சட்டம் 26 வார மகப்பேறு விடுப்பைத் தருகிறது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்கவேண்டும் என்கிறது. அவள் வீட்டில் பாத்திரம் துலக்குகிறவளுக்கு இந்த இரண்டில் எதுவும் இல்லை.

குழந்தைக்கு வேண்டிய அந்த ஆள் தாயாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த குழந்தைகளை எமி வெர்னர் என்ற உளவியலாளர் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார். வறுமையும் குடும்பக் குழப்பமும் சூழ்ந்து வளர்ந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே தலையெடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு விடாமல் அக்கறை காட்டிய ஒரு பெரியவராவது இருந்தார்: தாத்தா, பாட்டி, அத்தை, ஆசிரியர், யாரோ ஒருவர். வியாசர்பாடியில் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவோடு கதை பேசும் ஆயா செய்வது அந்த வேலைதான். அவருக்கு யாரும் சான்றிதழ் தருவதில்லை.

1972இல் மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு அளித்த அறிக்கைதான், 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய, அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்துக்கு வழிகாட்டியது. தாயின் உழைப்பையும் குழந்தையின் பராமரிப்பையும் பிரிக்காமல் பேசியவர் அவர். சென்னையில் வாழ்ந்து, 2022இல் மறைந்தார். திட்டம் ஊரெங்கும் வந்துவிட்டது. வேலைக்குப் போன தாய் திரும்பும்வரை திறந்திருக்கும் மையம் இன்னும் அரிது.

ஆகவே, உங்கள் வார்டு கவுன்சிலர் அடுத்த முறை தெருவுக்கு வரும்போது சாலை, சாக்கடை, தண்ணீரோடு சேர்த்து, நம் தெரு பால்வாடி எத்தனை மணிக்கு மூடுகிறது என்றும் கேளுங்கள். அவருக்குப் பதில் தெரிந்திருந்தால் அடுத்த கேள்வியையும் கேட்டுவிடுங்கள்: ஒன்றரை வயதுக் குழந்தையை அங்கே சேர்த்துக்கொள்வார்களா?

வணக்கம்.