காதல் காமெடியில பணம் எந்த சீன்ல காணாமப் போகுது?

வணக்கம் மக்களே. வசதியான ஒருத்தரும் இல்லாத ஒருத்தரும் லவ் பண்ற ரொமான்டிக் காமெடி பார்க்கும்போது ஒண்ணு கவனிங்க. முதல் பாதியில யார்கிட்ட காசு இருக்கு, யார்கிட்ட இல்லன்னு சீனுக்கு சீன் தெரியும். கிளைமாக்ஸ் வந்தா பேச்சே இருக்காது. பெரும்பாலான படங்க சறுக்குற இடம் இதுதான்.

சறுக்காத படம் ஒண்ணு சொல்றேன். 1934ல ஃபிராங்க் காப்ரா எடுத்த 'இட் ஹேப்பன்ட் ஒன் நைட்'. கோடீஸ்வரர் பொண்ணு வீட்டை விட்டு ஓடுறா, வேலை போன ரிப்போர்ட்டர் ஒருத்தன் துணைக்கு வர்றான். கண்டுபிடிச்சுக் கொடுத்தா 10,000 டாலர்னு அப்பா அறிவிக்கிறாரு. கடைசியில அவன் வந்து கேக்கறது 39 டாலர் 60 சென்ட்! வழிச்செலவுக்காக அவன் இழந்த கோட்டு, தொப்பி, பெட்டி, எல்லாத்துக்கும் கணக்கு. அந்த 60 சென்ட்தான் சீனோட உயிர். ரவுண்டா 40னு கேட்டிருந்தா வெறும் வீராப்பு. சில்லறையோட கேக்கும்போது, அந்தக் காசு அவனுக்கு எவ்வளவு பெருசுன்னு தெரியுது, பரிசுப் பணம் வேணாங்கற மானமும் தெரியுது.

இப்போ 1990ல வந்த 'ப்ரிட்டி வுமன்' எடுத்துக்கோங்க. ஏழை ஹீரோயின், பணக்கார ஹீரோ கொடுத்த கை நிறைய பணத்தோட துணிக்கடைக்குப் போறா, ஆனாலும் வெளிய அனுப்பிடறாங்க. அருமையான சீன். காசு மட்டும் பத்தாது, உடுப்பையும் பேச்சையும் பார்த்துதான் மதிக்கிறாங்கன்னு ரெண்டே நிமிஷத்துல சொல்லிடுது. ஆனா அடுத்து ஹீரோ கார்டை நீட்டுறாரு, புது டிரஸ் வருது, பிரச்சினை தீர்ந்துடுது. மேக்கோவர் சீன்ல, அதாவது ஆளோட தோற்றத்தையே மாத்திக் காட்டுற சீன்ல, சிக்கலே இதுதான்: மாற வேண்டியது காசு இல்லாதவங்க மட்டும்தான்னு ஆயிடுது. முதல்ல எழுதின ஸ்கிரிப்டுல ஹீரோவும் ஹீரோயினும் கடைசியில பிரிஞ்சிடுவாங்க. படமாகும்போதுதான் சுப முடிவு வந்துச்சு.

அடுத்தது பொய். பணக்காரர் தன் வசதியை மறைச்சா, உண்மையான அன்பைத் தேடுறார்னு படம் தட்டிக்கொடுக்கும். ஏழை தன் நிலைமையை மறைச்சா மோசடி, மன்னிப்பு கேக்கணும். 2002ல வந்த 'மெய்ட் இன் மன்ஹாட்டன்'ல ஹோட்டல் பணிப்பெண் விருந்தாளியோட டிரஸ்ஸைப் போட்டுப் பார்க்கறா. குட்டு உடைஞ்சதும் அவ வேலை போகுது. அவளைப் பணக்காரின்னு நம்பின ஹீரோவுக்கு மனசு மட்டும்தான் வலிக்குது. ரெண்டு பேருக்கும் இழப்பு சமமே இல்ல. அதைப் படம் உணர்ந்திருக்கான்னு நீங்களே பாருங்க.

குடும்பம் பத்தி சுருக்கமா. பணக்கார அம்மாவுக்கு நாலு பக்க வசனம், ஏழை அம்மாவுக்கு ஒரு ஆசீர்வாதம். இந்தக் கணக்கு எனக்கு ரொம்பவே கோவம் வர வைக்கும்.

ஸ்கிரிப்ட் எழுதறவங்களுக்கு: ஹோட்டல் பில் வர்ற சீனை காசு இல்லாதவர் பார்வையில எழுதுங்க. மெனு கார்டுல அவர் கண்ணு முதல்ல விலைக்குத்தான் போகும், பசிக்குதான்னு கேட்டா இல்லம்பார். கதையில ஒரு தடவையாவது, விலை உயர்ந்த பரிசை அவர் வேணாம்னு சொல்லட்டும், காரணத்தோட. மறைச்ச உண்மை பாதிக்கு முன்னாடியே உடையட்டும். கடைசி நிமிஷத்துல உடைச்சா மன்னிப்புக்கு மட்டும்தான் நேரம் இருக்கும், யார் வீட்டுல வாழறது, யார் வேலையை விடறதுன்னு ரெண்டு பேரும் உக்காந்து பேச நேரமே கிடைக்காது.