யாரு தூக்கினாலும் கை வரலையா?

எல்லாருக்கும் வணக்கம். இந்நேரம் பாதிப்பேர் அடுப்படியில இருப்பீங்க, ஒரு கையில கரண்டியோடவே கேளுங்க, பரவால்ல. நான் பிசியோதெரபிஸ்ட், மும்பைல மாட்டுங்கா பக்கம் சின்னதா ஒரு கிளினிக், 26 வருஷம் ஆச்சு. டாக்டரம்மான்னு கூப்பிடுவாங்க, நான் டாக்டர் இல்லக்கா பிசியோன்னு சொல்லுவேன், அடுத்த நாளும் டாக்டரம்மான்னே வருவாங்க, அத விடுங்க.

நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் காலைல, முலுண்ட்ல லோக்கல் ரயில் லேடீஸ் டப்பாவுல ஏறி மேல தொங்குற கைப்பிடிய பிடிக்கலாம்னு இடது கைய தூக்கினேன், பாதியில நின்னுடுச்சு. யாரோ முழங்கைய பிடிச்சு நிறுத்தின மாதிரி. திரும்பிக்கூட பாத்தேன், பின்னாடி யாரும் பிடிக்கல, கூட்டம்தான். அதுக்கு ஒரு ரெண்டு மாசம் முன்னாடியே ராத்திரி அந்தப் பக்கம் படுத்தா வலிக்கும், பின்னாடி ஹூக் வச்ச பிளவுஸ் போட கை முதுகுக்கு போகாது, பொண்ண கூப்பிட்டு மாட்டிக்குவேன். இத்தன வருஷம் ஊர்ல இருக்கிற தோளையெல்லாம் ஆட்டிவிட்ட எனக்கே ஃப்ரோசன் ஷோல்டர், அதாவது தோள் இறுகிப்போற வியாதி. என் பொண்ணு ஒரு வாரம் சிரிச்சா.

தோள்பட்டைங்கிறது உடம்புலயே அதிகமா சுத்துற மூட்டு, அதனாலயே அதிகமா நழுவுற மூட்டும் அதுதான். இடுப்பு மூட்டு கிண்ணத்துக்குள்ள உக்காந்த உருண்டை மாதிரி. தோள் அப்படி இல்ல, சாஸர்ல வச்ச சாத்துக்குடி. அந்த சாத்துக்குடி உருண்டு போகாம நாலு சின்ன தசைங்க சுத்தி பிடிச்சிருக்கு, அதத்தான் ரொட்டேட்டர் கஃப்ங்கிறாங்க, சட்டைக்கை நுனியில இருக்கிற கஃப் மாதிரி. அதுக்கு வெளிய எல்லாத்தையும் மூடி ஒரு உறை. சண்டை பெரும்பாலும் இந்த ரெண்டு இடத்துலதான், ஒண்ணு அந்த தசைய எலும்போட கட்டியிருக்கிற நாண்ல, இல்ல அந்த உறையில.

எதுல பிரச்சனைன்னு வீட்லயே ஓரளவு தெரிஞ்சுக்கலாம், இது ஒண்ணுக்காகத்தான் நான் இன்னைக்கு இங்க வந்ததே. வலிக்கிற கைய தொங்கவிட்டு தளர்வா நில்லுங்க, வீட்ல ஒருத்தர மெதுவா அந்தக் கைய முன்பக்கமா தூக்கச் சொல்லுங்க. நீங்களா தூக்கினா தோள் உயரத்துக்கு மேல வரல, ஆனா அவங்க தூக்கினா காதுகிட்ட வரைக்கும் போயிடுதுன்னா, மூட்டு நல்லாத்தான் இருக்கு, இழுக்கிற கயிறுலதான் கோளாறு, அதாவது தசையோ நாணோ, சில சமயம் நரம்போ. யாரு தூக்கினாலும் ஒரே இடத்துல நிக்குதா? அப்போ முழங்கைய இடுப்போட ஒட்டி வச்சுட்டு, முன்கைய கதவு திறக்கிற மாதிரி வெளிப்பக்கம் திருப்பிப் பாருங்க. அதுவும் வரலன்னா உறை சுருங்கியிருக்கு, அதுதான் ஃப்ரோசன் ஷோல்டர். மூட்டு தேய்மானத்துலயும் இதே மாதிரி நிக்கும், அதனால ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாத்துடணும். சரி, ரெண்டும் இல்ல, கை முழுசா போகுது, வலி மட்டும் இருக்கு, அதுவும் கழுத்த திருப்பினா விரல் வரைக்கும் மின்னுதுன்னா, தோள விட்டுட்டு கழுத்த பாருங்க.

இன்னொண்ணு, இடது தோள்ல திடீர்னு வலி, கூடவே நெஞ்ச அழுத்துது, வேர்க்குது, மூச்சு வாங்குதுன்னா அது என் டிபார்ட்மெண்டே இல்ல, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, தைலம் தேச்சுக்கிட்டு உக்காராதீங்க.

ஃப்ரோசன் ஷோல்டர்ங்கிற பேர 1934ல பாஸ்டன் சர்ஜன் காட்மன் வச்சார். ஜப்பான்ல இத ஐம்பது வயசுத் தோள்னே சொல்லுவாங்களாம், அது எனக்கு ரொம்ப பிடிச்ச பேரு, ஏன்னா நாப்பதுல இருந்து அறுபதுக்குள்ளதான் நிறைய வரும், பொம்பளைங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூட. சுகர் இருக்கிறவங்களுக்கு மத்தவங்கள விட பல மடங்கு ஜாஸ்தி. எங்கிட்ட கை தூக்க வரலன்னு வந்து, சுகர் டெஸ்ட் பண்ணுங்கன்னு நான் அனுப்பி, அப்பத்தான் சுகரே இருக்குன்னு தெரிஞ்சவங்க இருக்காங்க. முதல்ல சில மாசம் வலி, அப்புறம் வலி குறைஞ்சு இறுக்கம், அப்புறம் மெல்ல இளகும், மொத்தமா ஒரு வருஷம், ரெண்டு வருஷம், சிலருக்கு மூணு கூட. சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, ஒரு மாசத்துல சரி பண்ணிடுங்கம்மா, ஊருக்கு போகணும், கோயில் கொடை வருதுன்னுவாங்க.

இங்க நான் ஒரு தப்பையும் சொல்லணும். படிச்சு முடிச்ச புதுசுல, இறுகின தோள பலமா பிடிச்சு நெட்டினா விட்டுடும்னு நெனச்சேன். ஒரு பெரியம்மா, பூ கட்டி விக்கிறவங்க, பல்ல கடிச்சுக்கிட்டு நாலு நாள் வந்தாங்க, அஞ்சாவது நாள் வரல. பத்து நாள் கழிச்சு மார்க்கெட்ல பாத்தேன், கை முன்னவிட மோசமா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, என்னைப் பாத்ததும் கூடைய நகத்துற மாதிரி திரும்பிக்கிட்டாங்க. வலி உச்சத்துல இருக்கிறப்போ நெட்டக்கூடாது, பலமா மாலிஷும் பண்ணக்கூடாது, எரியுற அடுப்புல விறகு வைக்கிற வேலை அது. அந்தக் கட்டத்துல ஒரு ஸ்டீராய்டு ஊசி மூட்டுக்குள்ள போட்டா சில வாரம் வலி நல்லா அடங்கும், அந்த இடைவெளியில கைய நகத்திக்கலாம். ஸ்டீராய்டுன்னதும் பயப்படுறீங்க, ஒண்ணு ரெண்டு ஊசியில எலும்பெல்லாம் கரைஞ்சு போயிடாது, ஆனா சுகர்காரங்களுக்கு சில நாள் சுகர் ஏறும், அதனால ஊசி போடுறவர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, வீட்ல மிஷின் இருந்தா பாத்துக்கிட்டே இருங்க.

அப்புறம் நம்ம பாம்பே வைத்தியம் ஒண்ணு. இங்க துணி காயப்போட சீலிங்ல கம்பி கட்டி, கயித்த இழுத்தா ஏறி இறங்குற மாதிரி கப்பி மாட்டியிருப்போம் இல்லையா, அதே கப்பியில ஒண்ணு ஹார்டுவேர் கடையில வாங்கி, கதவு நிலைக்கு மேல உறுதியான கொக்கியில மாட்டிக்கோங்க. கயித்தோட ஒரு முனை நல்ல கையில, இன்னொரு முனை வலிக்கிற கையில. கீழ ஸ்டூல் போட்டு உக்காந்து நல்ல கை இழுக்கணும், வலிக்கிற கை ஓசி டிக்கெட்ல மேல போகணும், அதுவா ஒரு வேலையும் செய்யக்கூடாது. இழுபடுற உணர்ச்சி வரலாம், சுருக்குனு குத்தினா அங்கயே நிறுத்திடணும். ஒரு தடவைக்கு பத்து, நாளைக்கு மூணு தடவை. முடிச்சப்புறம் அரை மணி நேரத்துலயும் வலி அடங்கலன்னா அடுத்த தடவை குறைச்சுக்கணும், அவ்ளோதான் கணக்கு.

ஆபரேஷன் பண்ணினா சீக்கிரம் சரியாயிடுமான்னு தினமும் யாராவது கேப்பாங்க. இங்கிலாந்துல 503 பேர வச்சு, மயக்கம் கொடுத்து கைய நகத்திவிடுறது, சின்ன ஓட்டை போட்டு உறைய வெட்டிவிடுறது, ஊசியோட பிசியோதெரபி, மூணையும் ஒப்பிட்டு 2020ல லான்செட்ங்கிற மருத்துவப் பத்திரிகைல போட்டாங்க. ஒரு வருஷம் கழிச்சு பாத்தா எதுவும் இன்னொண்ண விட பெரிய அளவுல ஒசத்தி இல்ல. அதனால நான் சொல்றது, ஊசி பிசியோ எல்லாம் பாத்து பல மாசம் ஆகியும் அசையலன்னா மட்டும் சர்ஜன்கிட்ட போங்க.

இப்போ நாண் கிழிசலுக்கு வரேன். தாராவியில முறுக்கு போடுற ஒரு அக்கா, திருநெல்வேலி பக்கம், அச்சு உரல ரெண்டு கையால அழுத்தி அழுத்தி நாள் பூரா பிழியுற வேலை. வலது தோள் வலிக்குதுன்னு எம்ஆர்ஐ எடுத்திருக்காங்க, ரிப்போர்ட்ல நாண் முழுசா கிழிஞ்சிருக்குன்னு போட்டிருக்கு. என் கை போச்சேன்னு அழுதுக்கிட்டே வந்தாங்க. நான் ரிப்போர்ட்ட மேசையில வச்சுட்டு, கைய தூக்குங்கக்கான்னேன். வலியோட, ஆனா மேல வரைக்கும் தூக்குறாங்க! கிழிஞ்ச நாணோட எப்படி தூக்குறாங்க? மிச்சம் இருக்கிற தசைங்க வேலைய பங்கு போட்டுக்கிச்சு. விழல, அடிபடல, வயசோட நைஞ்சு கிழிஞ்சது. அமெரிக்காவுல இந்த மாதிரி அடிபடாம முழுசா கிழிஞ்ச 452 பேருக்கு முதல்ல உடற்பயிற்சிதான் கொடுத்தாங்க, ரெண்டு வருஷத்துல முக்கால்வாசிப் பேருக்கு ஆபரேஷன் தேவைப்படல. அக்காவும் பன்னெண்டு வாரம் ரப்பர் பேண்டு இழுத்தாங்க, உரல் இருந்த மேசையோட உயரத்த ஒரு சாண் குறைச்சோம், இப்போ தீபாவளிக்கு எனக்கு ஒரு டப்பா வந்துடும்.

ஸ்கேன்ல தெரியுறதெல்லாம் வியாதி இல்லங்க. தோள்ல வலியே இல்லாத 51 ஆம்பளைங்கள, 40ல இருந்து 70 வயசு வரைக்கும், ஸ்கேன் பண்ணினப்போ 96 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு கோளாறு தெரிஞ்சது, 2011ல வந்த ஆராய்ச்சி. தலை நரைக்கிற மாதிரி தோளுக்குள்ளயும் நரைக்குது, அவ்ளோதான். அதே மாதிரி, தோள் மேல இருக்கிற எலும்பு நாண இடிக்குது, அத சீவி விட்டா சரியாயிடும்னு ஒரு ஆபரேஷன், 1972ல சார்லஸ் நீர்ங்கிற அமெரிக்க சர்ஜன் எழுதினதுல இருந்து உலகம் பூரா லட்சக்கணக்குல பண்ணினாங்க. இங்கிலாந்துல ஒரு குரூப்புக்கு நிஜமா சீவி, இன்னொரு குரூப்புக்கு சும்மா கேமரா மட்டும் உள்ள விட்டு தையல் போட்டு அனுப்பினாங்க, ரெண்டு குரூப்பும் ஒரே மாதிரிதான் தேறிச்சு. இத கேட்டு சர்ஜன் நண்பர்கள் சிலர் என்கிட்ட கோச்சுக்குவாங்க, கோச்சுக்கட்டும்.

ஆனா கத்தியே வேணாம்னு நான் சொல்றதா எடுத்துக்காதீங்க, அதுவும் தப்பு. ஆண்டாப் ஹில் பக்கம் ஒரு தம்பி, பில்டிங்குக்கு பெயிண்ட் அடிக்கிறவர், சாரத்துல இருந்து கைய ஊனி விழுந்தார். மறுநாள்ல இருந்து கைய தூக்கவே முடியல, அடுத்தவங்க தூக்கினா போகுது, அவரா தூக்கினா தொப்புனு விழுது. போன இடத்துல எக்ஸ்ரே எடுத்து எலும்பு நல்லா இருக்கு, சுளுக்குன்னு மாத்திரை கொடுத்து அனுப்பிட்டாங்க. எக்ஸ்ரேல நாண் தெரியாதுங்க! அஞ்சு மாசம் கட்டு, தைலம், மாத்திரைன்னு ஓடி எங்கிட்ட வந்தப்போ நாண் உள்ள இழுத்துக்கிட்டு, தசை கொழுப்பா மாற ஆரம்பிச்சிருந்துச்சு. மொத மாசமே வந்திருந்தா தச்சிருக்கலாம், இப்போ தச்சாலும் பிடிக்குமான்னு சர்ஜனே தயங்கினார். அதனால விழுந்து அடிபட்டு அதுல இருந்து கை தூக்க முடியலன்னா, வயசு என்னவா இருந்தாலும், எக்ஸ்ரே நார்மல்னு சொன்னாலும், ஒண்ணு ரெண்டு வாரத்துக்குள்ள அல்ட்ராசவுண்டோ எம்ஆர்ஐயோ கேளுங்க. சயான் ஆஸ்பத்திரி, கேஇஎம் மாதிரி முனிசிபாலிட்டி ஆஸ்பத்திரிகள்ல எலும்பு ஓபிடியும் இருக்கு பிசியோவும் இருக்கு, லைன் பெருசுதான், ஆனா போங்க.

தைக்கிறதுன்னா சின்ன ஓட்டை வழியா, எலும்புல சின்ன ஆணி மாதிரி ஆங்கர் இறக்கி, அதுல இருக்கிற நூலால நாண இழுத்து கட்டுவாங்க. ஆபரேஷன் என்னவோ ஒரு நாள் வேலைதான், அதுக்கப்புறம் இருக்கு பாருங்க. நாலுல இருந்து ஆறு வாரம் கைய கழுத்துல தொங்கவிடுற ஸ்லிங், ராத்திரி மல்லாந்து படுக்க முடியாம நாலு தலகாணி வச்சு சாஞ்சு தூக்கம், பாரம் தூக்குற வேலைக்கு ஆறு மாசம். வீட்ல ஒரே சம்பளம்னா இத முன்னாடியே உக்காந்து கணக்கு போடணும், பசங்க ஸ்கூல் ஃபீஸ் மாசத்துல போய் படுத்துடக்கூடாது. தச்சதெல்லாம் பிடிச்சுக்கும்னும் இல்ல, வயசு கூடக்கூட, கிழிசல் பெருசா இருந்தா, பீடி சிகரெட் இருந்தா, சுகர் கண்ட்ரோல்ல இல்லன்னா மறுபடி விட்டுப்போற வாய்ப்பு கூடும். ஒரே நல்லது, ஸ்லிங் மாட்டிக்கிட்டு லோக்கல்ல ஏறினா மூணு பேர் உக்காருற சீட்ல நாலாவதா நுனி இடமாவது நகந்து கொடுப்பாங்க.

தோள் கழண்டு போறத பத்தி சீக்கிரமா சொல்லிடுறேன், தஹி ஹண்டி, அதான் ஆள் மேல ஆள் ஏறி உறி உடைக்கிற விளையாட்டு, அந்த சமயத்துல பசங்க நிறைய வருவாங்க. கழண்டா நீங்களே இழுத்து மாட்டாதீங்க, எலும்பு உடைஞ்சிருந்தா, நரம்பு மாட்டியிருந்தா வினையாயிடும். இருபது வயசுக்குள்ள ஒரு தடவை கழண்டா மறுபடி கழலுறதுக்கு வாய்ப்பு ரொம்ப அதிகம், அதனால சின்னப் பசங்களுக்கு ஆபரேஷன் பேச்சு சீக்கிரம் வரும், அதுல தப்பில்ல.

மூட்டு மாத்துறதும் இருக்கு. 1893லயே பாரிஸ்ல பியான்னு ஒரு சர்ஜன், காசநோயால அரிச்சுப்போன தோளுக்கு பிளாட்டினமும் ரப்பரும் வச்சு ஒரு மூட்டு செஞ்சு வச்சார், ரெண்டு வருஷத்துல சீழ் வச்சு எடுக்க வேண்டியதாப் போச்சு. நாண் பூரா போய் மூட்டும் தேஞ்ச வயசானவங்களுக்கு இப்போ பண்றது கிரமோன்ங்கிற பிரெஞ்சுக்காரரோட யோசனை, 1985ல வந்தது: சாத்துக்குடி இருந்த இடத்துல சாஸர், சாஸர் இருந்த இடத்துல சாத்துக்குடி. தலைகீழா மாட்டினதும் வெளிய இருக்கிற பெரிய தோள் தசையே கைய தூக்கிடுது. எழுபது தாண்டின ஒரு தாத்தா இது பண்ணிக்கிட்டு வந்து, ரொம்ப நாள் கழிச்சு தலைல தானே எண்ணெய் வச்சுக்கிட்டேன்மான்னு காட்டினார்.

டைம் ஆச்சுன்னு ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கைய காட்டுறாங்க, அவங்க தோள் நல்லா இருக்கு. என் கைய கேக்குறீங்களா? ஒரு ஊசி, கப்பி, சுகர் டெஸ்ட்ல பார்டர்னு வந்ததால சாயங்கால நடை, மொத்தம் 16 மாசம் ஆச்சு ரயில் கைப்பிடி எட்டுறதுக்கு. முதுகுக்குப் பின்னாடி மட்டும் இன்னும் ரெண்டு இன்ச் குறையுது. டெய்லர்கிட்ட இனிமே ஹூக்க முன்பக்கமே வச்சிடுங்க மாஸ்டர்னு சொல்லிட்டேன். வரேங்க.