நாகர்கோவிலில் ஒளித்த துப்பு

நேயர்களுக்கு வணக்கம். ஈஸ்டருக்குப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே முட்டை வேட்டை வைப்பது எப்படி என்று பத்து நிமிஷம் பேச முடியுமா என்று நிலையத்திலிருந்து கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இந்த விஷயத்தில் என்னுடைய அனுபவத்தில் முக்கால்வாசி சொதப்பல். அதையே சொல்லுங்கள் என்றார்கள், வந்துவிட்டேன்.

நான் பிறந்து வளர்ந்தது நாகர்கோவிலில். எங்களுக்கு ஈஸ்டர் என்றால் விடியற்காலை ஆராதனை. அம்மா மூன்றரை மணிக்கே எழுப்பி, தலைக்கு ஊற்றி, புதுச்சட்டை போட்டு, இருட்டோடு இருட்டாகக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போவாள். பாட்டும் பிரசங்கமும் முடிந்து வெளியே வந்தால் கிழக்கு வெளுத்திருக்கும். வீட்டுக்கு வந்தால் ஆப்பமும் ஆட்டிறைச்சிக் குழம்பும். முட்டைக்கு அதில் வேலையே இல்லை, முயலுக்குச் சுத்தமாக இல்லை. லண்டன் வந்து, மூத்தவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம், காது இரண்டும் ஒட்டாமல் தொங்குகிற ஒரு காகித முயலோடு வந்து, “அம்மா, முயல் நம் வீட்டில் எங்கே முட்டை வைக்கும்?” என்று கேட்டாள். முயல் எங்கேயடி முட்டை போடும் என்று நான் கேட்டதற்கு அவள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, அன்று ராத்திரியே படிக்க ஆரம்பித்தேன்.

முயல் ஜெர்மனிக்காரர்களுடையது. 1682இல் கியோர்க் ஃபிராங்க் ஃபான் ஃபிராங்கெனாவ் என்ற மருத்துவர் லத்தீனில் ஈஸ்டர் முட்டைகளைப் பற்றி ஒரு சின்ன நூல் எழுதியிருக்கிறார். தோட்டத்துப் புல்லிலும் புதரிலும் முயல் முட்டை ஒளித்து வைக்கும், பிள்ளைகள் தேடி எடுப்பார்கள் என்ற வழக்கம் அதிலேயே வந்துவிடுகிறது. இங்கிலாந்தில் அது பரவியதில் அரண்மனைக்கும் பங்கு உண்டு. விக்டோரியா ராணியின் அம்மா ஜெர்மன்காரி. 1833இல், விக்டோரியா 13 வயதுப் பெண்ணாக இருந்தபோது, அம்மா அலங்கரித்து வைத்த முட்டைகளைத் தேடி எடுத்ததைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். பிறகு அவரும் கணவர் ஆல்பர்ட்டும் தங்கள் பிள்ளைகளுக்கு அதையே செய்தார்கள். ஆல்பர்ட்டும் ஜெர்மன்காரர்தான், பாறையில் படர்கிற பாசியால் செய்த சின்னக் கூடைகளில் முட்டைகளை வைத்து ஒளிப்பாராம். அதாவது ஊரிலிருந்து கொண்டுவந்த ஒரு பழக்கத்தை இந்த நாட்டில் தன் பிள்ளைக்குச் செய்து காட்டிய ஒரு அம்மா. கொஞ்சம் நம்மைப் போலத்தான், அரண்மனை ஒன்றுதான் குறைச்சல்.

முட்டை எதற்கு என்றால், மேற்கத்தியத் திருச்சபையில் அந்தக் காலத்தில் ஈஸ்டருக்கு முந்தின தவக்கால நோன்பில் இறைச்சியோடு முட்டையும் கூடாது. கோழிக்குத் தவக்காலம் தெரியுமா? அது பாட்டுக்கு முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். 40 நாள் முடியும்போது வீடு நிறைய முட்டை. வேகவைத்து, சாயம் போட்டு, கொடுத்துத் தீர்க்க வேண்டியதுதான். சாக்லேட் முட்டை ரொம்பப் பின்னால் வந்தது; பிரிஸ்டலில் ஃப்ரை கம்பெனி 1873இல் செய்தது, கேட்பரி 1875இல். இங்கிலாந்தின் வடக்கே இன்னமும் சாயம் போட்ட முட்டைக்கு ‘பேஸ் எக்’ என்ற பெயர் இருக்கிறது. அந்தப் ‘பேஸ்’ ஈஸ்டருக்கு நாம் சொல்கிற ‘பாஸ்கா’ என்ற சொல்லோடு பிறந்ததுதான். இதை அம்மாவிடம் ஃபோனில் சொன்ன பிறகுதான் அவள் இந்த முட்டை விளையாட்டை ஒரு மாதிரி ஒத்துக்கொண்டாள்.

அந்தப் பேஸ் முட்டைக்குச் சாயம் வெங்காயத் தோல். நம் வீடுகளில் அதற்குப் பஞ்சமா? ஒரு வாரத்துத் தோலைச் சேர்த்து வைத்து, ஒரு கொத்தமல்லி இலையை முட்டையின் மேல் நனைத்து ஒட்டி, பழைய நைலான் காலுறைத் துண்டில் இறுக்கிக் கட்டி, தோலோடு கொஞ்சம் வினிகரும் விட்டுப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் வேகவிட்டு, ஆறும்வரை அந்தத் தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள். அவிழ்த்தால் முட்டை செம்மண் நிறத்தில், நடுவில் இலை மட்டும் நரம்போடு வெளிறி நிற்கும். இங்கே கிடைப்பது பெரும்பாலும் பழுப்பு முட்டை, அதனால் நிறம் இன்னும் அடர்த்தியாக ஏறும். மஞ்சள் தூளில் போட்டால் வெள்ளை முட்டைதான் எடுக்கும், விரல் நகமும் சேர்ந்து எடுக்கும். ஒளித்து வைத்த வேகவைத்த முட்டை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் கிடந்தால் சாப்பிடக் கொடுக்காதீர்கள். அதற்குள் எடுத்ததை ஃபிரிட்ஜில் போட்டால் திங்கட்கிழமை முட்டைக் குழம்பு.

சரி, ஏற்பாட்டுக்கு வருகிறேன். முதலில், என்ன வாங்குவதானாலும் சனிக்கிழமைக்குள் வாங்கிவிடுங்கள். இங்கிலாந்தில் ஈஸ்டர் ஞாயிறன்று பெரிய கடைகள், அதாவது 280 சதுர மீட்டருக்கு மேற்பட்டவை, சட்டப்படியே மூடியிருக்கும். ஞாயிறு காலை எட்டு மணிக்கு என் கணவர் மூன்று சூப்பர்மார்க்கெட் வாசலைப் பார்த்துவிட்டு, கடைசியில் மூலைக்கடையில் இருந்த இரண்டே இரண்டு சாக்லேட் முட்டையை வாங்கிக்கொண்டு திரும்பி வந்த கதை எங்கள் வீட்டில் வருஷாவருஷம் ஓடும்.

இரண்டாவது கடிகாரம். 2024இல் ஈஸ்டர் மார்ச் 31. அன்றைக்குத்தான் இந்த நாட்டில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளும் நாளும். கைப்பேசி தானே மாறிக்கொண்டது, சமையலறைச் சுவர்க்கடிகாரம் மாறவில்லை, நான் பார்த்தது சுவர்க்கடிகாரத்தை. ஆராதனைக்கு இரண்டு மணி நேரம் இருக்கிறதே என்று நிதானமாகப் பிள்ளைகளைத் தேட விட்டு, டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், கணவர் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே மாடியிலிருந்து ஓடிவருகிறார். மூன்று முட்டைகள் கிடைக்காமலே எல்லாரையும் காரில் ஏற்றினோம். பிரசங்கத்தில் போதகர் கல்லறை காலியாக இருந்தது என்று சொன்னதும் சின்னவன் என் காதில், “நம் முட்டை ஷூ அலமாரியில் இருக்குமா?” என்றான். இந்த வருஷம், 2026இல், ஈஸ்டர் ஏப்ரல் 5, கடிகாரம் ஒரு வாரம் முன்பே, மார்ச் 29 அன்று மாறிவிடுகிறது. அந்த ஆபத்து இல்லை.

அந்த மூன்றில் இரண்டை அன்று மத்தியானம் கண்டுபிடித்தோம். மூன்றாவதை நான் எங்கே வைத்தேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. அக்டோபரில் ஹீட்டிங்கைப் போட்ட முதல் சாயங்காலம், ரேடியேட்டருக்குப் பின்னாலிருந்து சுவரோடு ஒரு பழுப்புக் கோடு இறங்கி வந்தது. அதனால் ஒளிக்கும்போதே ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டே போங்கள்: சோபா இடுக்கு, அரிசி வாளி, மழைக்கோட்டுப் பை என்று. ‘மொத்தம் பதினாலு’ என்று எண்ணிக்கையையும் எழுதி வைத்தால் எப்போது நிறுத்தலாம் என்று தெரியும். இதை விடப் பெரிய உபாயம் என்னிடம் எதுவும் இல்லை.

நாய் இருக்கிற வீடு என்றால் சாக்லேட்டைத் தரையோடு ஒளிக்கவே வேண்டாம், அது நாய்க்கு விஷம். குட்டிப் பிள்ளைகள் இருந்தால் அந்தச் சின்ன, கெட்டி ஓட்டுச் சர்க்கரை முட்டைகளை வாங்காதீர்கள், தொண்டைக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கும். தோட்டம் பற்றியும் கேட்பீர்கள். எங்களுடையது ஒரு பாய் விரித்தால் முடிந்துபோகும், ஏப்ரல் மழையை நம்பவும் முடியாது, ஒரு தடவை ஓடில்லாத நத்தை ஒன்று எங்களுக்கு முன்னால் தேடி முடித்திருந்தது. வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு பிள்ளைகள் இருந்தால் அடுத்த சங்கடம். மூத்தவளுக்கு இப்போது ஒன்பது வயது, சின்னவனுக்கு ஐந்து. முதல் வருஷம் பொதுவாக ஒளித்தேன். நாலு நிமிஷத்தில் அவள் பதினொன்றை எடுத்துவிட்டாள், அவன் ஒற்றை முட்டையோடு படியில் உட்கார்ந்து அழுதான், பங்கு போடச் சொன்னதற்கு அவளும் அழுதாள். அடுத்த வருஷத்திலிருந்து சிவப்புத் தாள் சுற்றியது அவளுக்கு, நீலம் அவனுக்கு. அடுத்தவர் நிறம் கண்ணில் பட்டால் வாயைத் திறக்கக் கூடாது, அதுதான் சட்டம். அவன் வாய் திறக்க மாட்டான், ஆனால் அவளுடைய முட்டைக்குப் பக்கத்தில் போய் நின்று கூரையைப் பார்ப்பான். சின்னவர்களுக்கு ஒளிக்கும்போது ஒரு தடவை முழங்கால் போட்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். நாம் ஒளித்துவிட்டோம் என்று நினைத்த மேசைக்கு அடிப்பக்கம் அவர்களுக்குப் பட்டப்பகல். நமக்குத் தெரிகிற ஜன்னல் விளிம்பு அவர்களுக்கு எட்டாத மலை.

வெறுமனே முட்டை பொறுக்குவது ஏழெட்டு வயசுக்கு மேல் சலித்துவிடும். அதற்குத்தான் துப்புச் சீட்டு. ஒரு சீட்டு இடத்தைச் சொல்லும், அங்கே அடுத்த சீட்டு, கடைசியில் புதையல். இதைக் கடைசியிலிருந்து எழுத வேண்டும். புதையல் எங்கே என்று முடிவு செய்து, அதைச் சொல்கிற சீட்டு எங்கே இருக்கும் என்று யோசித்து, அப்படியே பின்னாலேயே நடந்து வந்தால் ஒரு கண்ணியும் விட்டுப்போகாது. முன்னாலிருந்து எழுதினால் எங்கேயாவது ஒரு சீட்டு முந்தின இடத்துக்கே அனுப்பிவிடும், பிள்ளைகள் சோபாவையும் சலவை இயந்திரத்தையும் செக்கு மாடாகச் சுற்றும். எட்டுச் சீட்டு என்றால் அரை மணி நேரம் ஓடும். எண் போட்டுவிடுங்கள், ஆறாவது தற்செயலாக முதலில் கையில் கிடைத்தாலும் குட்டு உடையாது. எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைக்குக் கைப்பேசியில் ஒரு படம் போதும், முழு நாற்காலியை எடுக்காமல் அதன் கால் நுனியை மட்டும் எடுத்து அச்செடுத்துக் கொடுங்கள். வீடு முழுக்கத் தரையோடு தரையாகத் தவழ்ந்து ஒவ்வொரு காலாக ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

சீட்டில் என்ன எழுதுவது? முதலில் இணையத்தில் கிடைத்த ஆங்கிலப் பாட்டுகளை அச்செடுத்தேன். மூத்தவள் ஓடிக்கொண்டே படித்து, நிற்காமலே கண்டுபிடித்தாள். அப்புறம்தான் தோன்றியது, நம்மிடம்தான் விடுகதை இருக்கிறதே. வீட்டுச் சாமானை வீட்டுக்காரனுக்கே தெரியாமல் சொல்வதற்கென்றே நம் ஆட்கள் பண்ணி வைத்தது. சனிக்கிழமை தமிழ்ப்பள்ளிக்குப் போக வயிற்றுவலி வருகிற பெண், சாக்லேட் என்றதும் தமிழ்ச் சீட்டை எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். ‘ஊசி நுழையாத கிணற்றிலே ஒரு படி தண்ணீர்.’ படித்துவிட்டு, கிணறு என்றால் என்ன என்று கேட்டாள். சொன்னேன். நேரே குளியல் தொட்டிக்கு ஓடினாள், அங்கே இல்லை. சின்னவன் கழிப்பறைத் தொட்டியைக் காட்டினான். தண்ணீர் எது எதில் இருக்கிறது என்று இருவரும் கால் மணி நேரம் வீட்டையே கணக்கெடுத்து, கெட்டில், பூந்தொட்டித் தட்டு, அவர்கள் அப்பாவின் இஸ்திரிப் பெட்டி வரைக்கும் போய்விட்டு, கடைசியில் அவள் சமையலறையில் நின்று வெங்காயக் கூடையைப் பார்த்தாள். அதில் கிடந்த தேங்காயை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்தாள். உள்ளே தண்ணீர் அலம்பியது. அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு அந்த வருஷம் முழுக்கச் சமைத்துப் போட்டிருப்பேன்.

விடுகதை இல்லாத சாமான்களுக்கு நீங்களே கட்டிக்கொள்ளலாம். ஃபிரிட்ஜுக்கு நான் எழுதியது: ‘கதவைத் திறந்தால் விளக்கேற்றி வரவேற்பான், கட்டிப்பிடித்தால் குளிரால் விரட்டுவான்.’ சுமார்தான், ஒத்துக்கொள்கிறேன். லெட்டர்பாக்ஸுக்கு எழுதியதை இங்கே சொல்வதாக இல்லை.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். போன வருஷம் ஒரு துப்பை நாகர்கோவிலில் ஒளித்தேன். ஐந்தாவது சீட்டில் ‘பாட்டியைக் கேள்’ என்று மட்டும் எழுதியிருந்தது. இங்கே காலை ஏழரை என்றால் அங்கே மத்தியானம் பன்னிரண்டு. கோயிலுக்குப் போய் வந்து, குழம்பை இறக்கி வைத்துவிட்டு, அம்மா பத்து நிமிஷம் முன்னாலேயே ஃபோனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் திரையில் முகத்தை ஒட்டிக்கொண்டு கத்த, அவள் அவசரப்படாமல், “ஓடுவான், சாடுவான், ஒற்றைக்காலில் நிற்பான். யாரு மக்களே?” என்றாள்.

“ஃபிளமிங்கோ!” என்றான் சின்னவன்.

“அது என்னது?” என்றாள் அம்மா. ஐந்து நிமிஷம் ஃபிளமிங்கோ பற்றிப் பாடம் நடந்தது. அப்படி ஒரு பறவை நம் வீட்டில் இல்லையே மக்களே என்று அவள் சொல்ல, கூட்டுமாறு, குடை, துணி மாட்டுகிற கம்பி என்று ஒவ்வொன்றாகப் போய், விடை கதவு என்று வந்தபோது மூத்தவளுக்கு ஒப்புதலே இல்லை. கதவுக்கு ஏது கால்? அம்மா எழுந்து ஃபோனோடு நடந்துபோய், எங்கள் பழைய வீட்டு அடுக்களைக் கதவின் அடிப்பக்கத்தைக் காட்டினாள். கீல் கிடையாது, பலகையோடு சேர்த்துச் செதுக்கிய மரக்குடுமி, அது நிலைப்படியில் உள்ள குழியில் உட்கார்ந்து சுழலும். கதவை ஆட்டிக் காட்டினாள், அது வழக்கம்போல முனகியது. நாற்பது வருஷமாக அந்தச் சத்தத்தைக் கேட்டும் நான் அந்தக் காலைப் பார்த்ததில்லை. பிள்ளைகள் இரண்டும் எங்கள் வீட்டுக் கதவு ஒவ்வொன்றுக்கும் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, இதற்கெல்லாம் காலே இல்லை, பாட்டி ஏமாற்றுகிறாள் என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் ஆறாவது சீட்டை எடுத்தார்கள்.

பாட்டி தாத்தா ஊரில் இருக்கிறவர்கள், யாழ்ப்பாணமோ நாகர்கோவிலோ, ஒரு சீட்டை அவர்களிடம் கொடுத்து வையுங்கள். நேரத்தை மட்டும் முன்கூட்டிப் பேசிக்கொள்ளுங்கள், அங்கே தூக்க நேரமாக இருந்துவிடக் கூடாது.

போன வாரம் அம்மாவே கூப்பிட்டாள். இந்த வருஷத்துக்குப் புது விடுகதை ஒன்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டு வைத்திருக்கிறாளாம். என்ன அது என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள், நான் பிள்ளைகளிடம் உளறிவிடுவேனாம். விடை என்னவென்று தெரியாமல் அடுத்த சீட்டை நான் எங்கே போய் ஒளிப்பது? ஏப்ரல் 5க்கு இன்னும் நாள் இருக்கிறது, கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். வணக்கம்.