பதினொன்று பத்து: பகிடி எழுதியவர் தயாரிப்பாளர் ஆன கதை

[திரையில்: யாழ்ப்பாணப் பஸ் நிலையம், மாலை நேரம். ஹோர்ன் சத்தம் மெல்லக் குறைகிறது.]

வணக்கம். இங்கே யாழ்ப்பாணத்தில் யாரையாவது காட்டி "இவர் தயாரிப்பாளர்" என்று சொல்லிப் பாருங்கள். "காசு போடுறவரோ?" என்றுதான் கேட்பார்கள். நம்மூர்க் கணக்கில் அது சரி. ஆனால் அமெரிக்க நகைச்சுவைத் தொடர் ஒன்றின் பெயர்ப் பட்டியலைப் பாருங்கள். தயாரிப்பாளர் என்று ஏழெட்டுப் பெயர் ஓடும். அவர்களில் பலர் ஐந்து சதமும் போடாதவர்கள், எழுத்தாளர்கள்.

[திரையில்: நீள மேசை, சுற்றிக் கதிரைகள், சுவரில் வெள்ளைப் பலகை.]

அங்கே ஒரு அறைக்குள் பத்துப் பேர் இருந்து எழுதுவார்கள். ஒருவர் சொன்ன பகிடியை அடுத்தவர் திருத்துவார், மூன்றாமவர் அதைத் தூக்கி எறிவார். புதிதாகச் சேர்ந்தவர் சாதாரண எழுத்தாளர். வருடங்கள் போக, அதே கதிரையில் இருந்தபடியே இணைத் தயாரிப்பாளர், தயாரிப்பாளர் என்று பதவியின் பெயர் ஏறும். உச்சியில் இருப்பவரை ஷோரன்னர் என்பார்கள். எந்த வரி இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்று கடைசியாகச் சொல்பவர் அவர்.

சரி, ஆளுக்கு வருவோம். நோர்மன் லியர், அமெரிக்கத் தொலைக்காட்சி எழுத்தாளர், தயாரிப்பாளர். 1922இல் பிறந்தவர். இவருக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது தகப்பன் மோசடிக் குற்றத்துக்காகச் சிறைக்குப் போனார். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானத்தில் 52 தடவை பறந்தார். போர் முடிந்து லொஸ் ஏஞ்சல்ஸில் வீடு வீடாகப் படலை தட்டிச் சாமான் விற்றார். கூட விற்றவர் எட் சிமன்ஸ், உறவுக்காரப் பெண்ணின் கணவர். இருவரும் சேர்ந்து இரவில் பகிடி எழுதத் தொடங்கினார்கள்.

எழுதியதைக் கொடுக்க ஆள் வேண்டுமே! லியர், பிரபல நடிகர் டானி தோமஸின் ஏஜெண்டுக்குப் போன் எடுத்து, "நான் நியூ யோர்க் டைம்ஸ் நிருபர்" என்று ஒரு பொய் சொல்லி நடிகரின் நம்பரை வாங்கிவிட்டார். நடிகரும் எழுதியதை வாங்கிக்கொண்டார். (பிள்ளைகளே, இதை மட்டும் பழகாதீர்கள்.)

[திரையில்: பழைய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி.]

1950களில் நகைச்சுவைச் சோடியான டீன் மார்ட்டினுக்கும் ஜெரி லூயிஸுக்கும் எழுதினார். பிறகு நண்பர் ஒருவரோடு சேர்ந்து சொந்தக் கொம்பனி. பிரிட்டனில் ஓடிய ஒரு தொடரைப் பற்றி அறிந்தார். எல்லாரையும் இழிவாகக் கதைக்கும் ஒரு தகப்பனும் அவரோடு சண்டை பிடிக்கும் மருமகனும். அந்தத் தகப்பன் இவருக்குப் புதியவர் இல்லை. லியரின் அப்பா மனைவியை "வாயைப் பொத்து" என்று அடக்குவார். மகனைப் பார்த்து, "நான் கண்டதிலேயே ஆகச் சோம்பேறி வெள்ளைப் பெடியன் நீதான்" என்பார். இரண்டும் அப்படியே ஆர்ச்சி பங்கர் என்ற பாத்திரத்தின் வாய்க்குள் போயின.

ஏபிசி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனத்துக்காக 1968இலும் 1969இலும் மாதிரி அங்கம் எடுத்தார். இரண்டும் வேண்டாம் என்று திரும்பி வந்தன. கடைசியில் இன்னொரு தொலைக்காட்சி நிறுவனமான சிபிஎஸ் ஒப்புக்கொண்டது. தொடரின் பெயர் 'ஓல் இன் த ஃபமிலி'. முதல் ஒளிபரப்பு 1971 ஜனவரி 12.

அதற்கு முன்னால் ஒரு இழுபறி. காட்சி இதுதான்: மாமனும் மாமியும் தேவாலயத்தில் இருந்து நேரத்தோடு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். வீட்டில் தனியாக இருந்த மகளும் மருமகனும் இதை எதிர்பார்க்கவில்லை. மாமன் பார்க்கிறார். "ஞாயிற்றுக்கிழமை காலமை, பதினொன்று பத்து!"

அவ்வளவுதான் வசனம். அசிங்கமாக ஒரு சொல் கிடையாது, நேரத்தைத்தான் சொன்னார். நல்லூருக்குப் போன அப்பா அர்ச்சனைச் சீட்டுக் கிடைக்காமல் பாதியில் திரும்பி, விறாந்தையில் நின்று இதையே சொன்னால் எங்கள் வீட்டிலும் எல்லாருக்கும் விளங்கும். அதனால்தான் சிபிஎஸ் அந்த வரியை வெட்டச் சொன்னது. லியர் மறுத்தார். வெட்டினால் நான் வரமாட்டேன் என்றார். இவ்வளவு சின்ன வரியில் விட்டுக்கொடுத்தால் ஒவ்வொரு கிழமையும் விட்டுக்கொடுக்க வேண்டிவரும் என்பது அவர் கணக்கு. வரி ஒளிபரப்பானது.

வெறும் எழுத்தாளராக இருந்திருந்தால் வெட்டவா என்று அவரிடம் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொடர் ஐந்து பருவம் தொடர்ந்து முதலிடம். அதிலிருந்து கிளை பிரிந்து வேறு தொடர்கள். 1974–75 பருவத்தில் முதல் பத்தில் ஐந்து அவருடைய தொடர்கள். 1985இல் கொம்பனியை கொக்கா கோலாவுக்கு விற்றபோது விலை 485 மில்லியன் டொலர். 2023 டிசம்பரில், 101 வயதில் காலமானார்.

[திரையில்: பஸ் மிதிபலகையில் தொங்கும் நடத்துனர்.]

எங்களிடமும் இந்தக் காது இருந்தது. எங்கள் நடிகர் கே. எஸ். பாலச்சந்திரன் 'அண்ணை றைற்' தனிநடிப்பில் பஸ் நடத்துனரின் பேச்சை அப்படியே மேடைக்குக் கொண்டுவந்தார். இப்போது யூடியூப்பில் துண்டு நாடகம் போடும் எங்கள் பெடியளைப் பார்த்தால் எனக்கு ஒரு குறை. வீட்டில் ஒரு தமிழ், கமராவுக்கு முன்னால் சென்னைச் சின்னத்திரைத் தமிழ். எழுதுவதும் எடுப்பதும் வெட்டுவதும் அவர்கள்தான். மேலே வரியை வெட்டச் சொல்லவும் ஆள் இல்லை. பிறகு ஏன் அப்பாவின் பேச்சை அவர்களே வெட்டுகிறார்கள்?

[திரையில்: விறாந்தையில் ஒரு சாய்மனைக் கதிரை.]

ஆர்ச்சி பங்கர் இருந்த கதிரை 1978இல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போனது. இதில் தெரிவது எங்கள் அப்பப்பாவின் கதிரை. வேறு யாரும் இருந்தால் மனிசன் ஒன்றும் சொல்லமாட்டார், சுவர் மணிக்கூட்டைத்தான் பார்ப்பார்.