போனட்டுக்குக் கீழே: கழுவும் முன் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

கோலாலம்பூரில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் நம்மவர்கள் நிறையப் பேர். 1998ல் வந்த புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ, முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, தொயோத்தா ஏஇ86 என்று செந்தூல், கெப்போங் பக்கம் வீட்டு வாசல்களில் பார்க்கலாம். வாரம் தவறாமல் வெளியே மெழுகு போடுகிறார்கள். என்ஜின் பக்கம் மட்டும் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. அதைச் சுத்தம் செய்வது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

தண்ணீர்க் குழாயைத் தொடுவதற்கு முன் ஒரு டார்ச் விளக்கை எடுங்கள். எங்கே அழுக்கு ஒட்டியிருக்கிறதோ, அங்கே ஏதோ கசிகிறது. வால்வ் கவர் ஓரமெல்லாம் கறுப்புப் பிசுக்கு இருந்தால், மூடியின் இடுக்கை அடைக்கும் கேஸ்கெட் போய்விட்டது. அந்த எண்ணெய், என்ஜினிலிருந்து சூடான புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் சொட்டித்தான் சிக்னலில் நிற்கும்போது கருகல் வாடை வருகிறது. ரேடியேட்டர் ஹோஸ் முனையில் உப்புப் பூத்ததுபோல் காய்ந்த படிவம் தெரிந்தால் அது என்ஜினைக் குளிர்விக்கும் கூலண்ட் கசிந்த தடம். இதையெல்லாம் பார்க்காமல் கழுவினால் சாட்சியை அழித்த மாதிரி ஆகிவிடும்.

முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 இதற்கு நல்ல உதாரணம். அதன் சிலிண்டர் ஹெட்டின் பின்புறம், கேம் ஷாஃப்ட் சுழலும் நிலையை உணரும் கேம் ஆங்கிள் சென்சார் இருக்கிறது. அதற்குள் ஒரு சின்ன ரப்பர் வளையம். வயதானால் அது இறுகிப்போய் எண்ணெய் விடும். எண்ணெய் பின்பக்கமாகவே வழிந்து கியர்பாக்ஸ் கூடு வரை போகும். அடியிலிருந்து பார்ப்பவர், கிராங்க் ஷாஃப்டின் பின் சீல் போய்விட்டது, கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்பார். சில ரிங்கிட் வளையத்தை மாற்றினால் முடிகிற வேலை அது! கசிவின் தடத்தை மேலிருந்து கீழே பார்த்தவருக்குத்தான் இது தெரியும். அதனால் எல்லாப் பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி கழுவலாம். என்ஜின் கை வைத்தால் பொறுக்கும் சூட்டில் இருக்கட்டும். கொதிக்கும் உலோகத்தில், பிசுக்கை நீக்க அடிக்கும் டிகிரீசர் உடனே காய்ந்து கறையாகும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். எம்எக்ஸ்-5 என்றால் பேட்டரி பின்னால், சாமான் வைக்கும் பூட் பகுதியில் இருக்கும். ஏர் ஃபில்டர், ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், ஃபியூஸ் பெட்டி இவற்றைப் பிளாஸ்டிக் பை போட்டுக் கட்டுங்கள். காரத்தன்மை மிகுந்த டிகிரீசர் வேண்டாம், அலுமினியத்தைக் கருக்கிவிடும். மண்ணெண்ணெய் அடிக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அது ரப்பரை உப்ப வைக்கும், தீ அபாயமும் உண்டு.

கார் வாஷ் கடையில் வாட்டர் ஜெட் அடிக்கிறேன் என்றால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். இருபத்தைந்து வருடச் சூட்டில் வெந்த வயர் கனெக்டர்கள் தொட்டாலே உடையும் பக்குவத்தில் இருக்கும். இரண்டு கேம் ஷாஃப்ட் கொண்ட டுவின் கேம் என்ஜின்களில் ஸ்பார்க் பிளக் ஆழமான குழிக்குள் இருப்பதால், தண்ணீர் புகுந்தால் அங்கேயே தேங்கி, பொறி சரியாக விழாமல் மிஸ்ஃபயர் ஆகும். ஒரு பிரஷ், ஸ்பிரே பாட்டில், நாலைந்து துணி போதும். பொறுமையாகப் பகுதி பகுதியாகத் துடைத்து எடுங்கள். அப்படித் துடைக்கும்போது எலி கடித்த வயரும் கண்ணில் படும். நம் ஊரில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் அது அடிக்கடி நடக்கிறது.

சேஸி எண்ணும் என்ஜின் எண்ணும் பொறித்த இடத்தில் மட்டும் கம்பி பிரஷ், உப்புத்தாள் எதுவும் படக்கூடாது. நாளை காரை விற்கும்போது பெயர் மாற்றத்துக்காக, புஸ்பாகோம் போன்ற வாகனப் பரிசோதனை நிலையத்தில் அந்த எண்களைப் பார்ப்பார்கள். தேய்த்த தடம் இருந்தால் சந்தேகம் வரும். மென்மையான துணியால் துடைத்து, லேசாக எண்ணெய் பூசினால் போதும். போனட்டின் உள்பக்கத்துப் பழைய ஸ்டிக்கர்களையும் காப்பாற்றுங்கள். அவை திரும்பக் கிடைப்பது கஷ்டம்.

காய்ந்த பிறகு ரப்பர், பிளாஸ்டிக் மேல் தண்ணீர் அடிப்படையிலான டிரெஸ்ஸிங் (பளபளப்புப் பூச்சு) தடவலாம். பெல்ட்டில் படவே கூடாது, வழுக்கும். எண்ணெய் ஊறிய துணியையும் அழுக்குத் தண்ணீரையும் லோங்காங்கில் (சாக்கடையில்) விடாதீர்கள். அது கடைசியில் கிள்ளான் ஆற்றுக்குத்தான் போகிறது. துணிகளைப் பையில் கட்டி, கழிவு எண்ணெய் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.

அப்புறம் ஒரு வாரம் வழக்கம்போல் ஓட்டுங்கள். மறுபடி போனட்டைத் திறந்தால், சுத்தமான உலோகத்தில் புதுக் கசிவு எங்கிருந்து தொடங்குகிறது என்று தெளிவாகத் தெரியும். பழைய படத்தையும் புதிய படத்தையும் உங்கள் ஃபோர்மனிடம் (மெக்கானிக்கிடம்) காட்டி, அந்த இடத்திலிருந்து வேலையை ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.